மானத்தின் மகன்

“எல்லாம் சரிம்மா. ஆனா கிளிங்கான் வாசனையே வரலையே” என்று ஸ்ரீராம் சார் ஃபைலைத் திருப்பி அனுப்பினார்.

ரெனிதாவுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

ஏதோ ஒரு விண்வெளித் தொடரில் வரும் முரட்டு வீரர்களுக்காக யாரோ உட்கார்ந்து உண்டாக்கிய மொழி கிளிங்கான். அதற்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வீடியோ கேம் தயாரிக்க, அதன் வசனமெல்லாம் அம்பத்தூர் எஸ்டேட்டில் கிளிங்கானாக மாறிக்கொண்டிருந்தது. மாற்றுகிறவள் ரெனிதா. பார்த்துச் சரி சொல்கிறவர் ஸ்ரீராம் சார்.

வசனம்கூடப் பரவாயில்லை, அதற்குள் பாத்திரங்களின் பெயரை வைத்துச் செய்யும் கேலிதான் உயிரை எடுத்தது. தங்கப்பன் வீட்டில் குண்டுமணித் தங்கம் இல்லை என்கிற ரகம். அந்த வீரர்களுக்குத் தங்கம் ஒரு பொருட்டே இல்லை, மானம்தான் பெரிது. அதனால் ஒரு வீரனின் தகப்பனுக்கு ‘மானம்’ என்றே பெயர் வைத்து, மானத்தின் மகன் புறமுதுகு காட்டி ஓடினான் என்று மாற்றியிருந்தாள். அவளுக்கே சிரிப்பு வந்தது. சாருக்கு வரவில்லை.

போதாக்குறைக்கு, தகப்பன் பெயர் இனிஷியலாக முன்னால் வர வேண்டுமாம். அந்த மொழியில் தன் பெயர் முதலில், இன்னார் மகன் என்பது பிறகு. சொல்லிப் பார்த்தாள். “நான் சொல்றதைச் செய்ம்மா” என்றார். செய்தாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். இவளுக்கு இந்த நாற்காலிகூட நிரந்தரமாகவில்லை.

பக்கத்து சீட்டு ஆசிமுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அந்தாளுக்கு இன்னாதான் வோணுமாம்க்கா? எதிர்த்து ஒரு வார்த்தை கேளேன்.”

“கேட்டுட்டு? இந்த மாசத்தோட காண்ட்ராக்ட் முடியுது. எங்க வீட்டுக்காரர் லிபினுக்கும் வேலை இல்ல. சேக்காட்டுல வீட்டு வாடகை நீ கட்டுவியா?”

ஆசிம் தன் கீபோர்டுக்குத் திரும்பினான்.

அன்று மாலை வெளிநாட்டு நிபுணர் வீடியோவில் வருவதாக ஏற்பாடு. மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுவாராம். சார் ரெனிதாவையும் உள்ளே கூப்பிட்டார். காண்ட்ராக்ட் பற்றி இன்றே முடிவு சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

பழியை நம் தலையில் போட்டு அனுப்பத்தான் கூப்பிடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. சரி, போனால் போகட்டும், இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கலாம் என்று போய் உட்கார்ந்தாள்.

திரையில் தாடிக்காரர் ஒருவர் வந்தார். ஆங்கிலத்தில் ஒரு வணக்கம், அதோடு சரி. கிளிங்கானில் ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சார் கம்பீரமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். தாடிக்காரர் ஏதோ கேட்டுவிட்டு, பதிலுக்காக அவரையே பார்த்தார்.

சார் இன்னொரு முறை தலையாட்டினார். அப்புறம் மெதுவாக மைக்கை அணைத்துவிட்டு, கேமராவுக்குப் படாமல் ரெனிதா பக்கம் சாய்ந்தார்.

“நாளையிலருந்து நீ பர்மனென்ட்மா. அந்தாள் என்ன கேக்கறான்னு மட்டும் சொல்லு, எனக்கு இந்த பாஷையில ஒரு வார்த்தை தெரியாது.”