ஒராக்கின் முகம்

"அழறானா, சிரிக்கிறானா? நீங்களாவது சொல்லித் தொலைங்க சார்!"

வரிசையின் கடைசியில் நின்ற வழுக்கைத்தலைக்காரர் பழைய காமிக்ஸை மேஜைமேல் விரித்து வைத்தார்.

"அவனுக்குப் பசி, அவ்வளவுதான்" என்று அதை வரைந்த லென்னி வழக்கம்போலச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

நியூயார்க் ஓட்டல் கூடத்தில் நடக்கும் காமிக்ஸ் விழாவில் வருடாவருடம் இதே கேள்விதான். கோள்களைத் தின்று உயிர்வாழும் ஒராக், ஏழு நிலாக்கள் கொண்ட உலகத்தை விழுங்கிவிட்டு நிற்கிற கடைசிப் படம். முகம் முழுக்கக் கறுப்பு.

அந்தக் கறுப்பை வைத்துக்கொண்டு ஒரு தலைமுறையே மண்டையை உடைத்துக்கொண்டது. பசித்தவன் தின்றால் பாவமா? வெட்கப்பட்டு முகத்தை மறைத்துக்கொண்டான் என்று ஒரு கட்சி. மறைத்துக்கொண்டு இளிக்கிறான் என்று இன்னொரு கட்சி.

அடக் கடவுளே, எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் டோரீன் செய்த கூத்து!

பென்சிலில் வரைகிறவர் எங்கே பெருக்கல் குறி போடுகிறாரோ, அங்கே மை தீட்டுகிறவர் கறுப்பை நிரப்ப வேண்டும். அது தொழில் வழக்கம். லென்னி அன்று முகம் சரியில்லை என்று குறுக்கே இரண்டு கோடு அடித்துவிட்டு, பிறகு வரையலாம் என்று எழுந்து போனார். மை தீட்டிய டோரீன் அதைப் பெருக்கல் குறி என்று நினைத்து ஒரே பூச்சாகப் பூசிவிட்டாள். பக்கம் அச்சுக்குப் போனது. மேதை, மேதை என்று லென்னியைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள்.

அதைச் சொல்லிச் சொல்லி இருவரும் எத்தனையோ முறை வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள். என்ன காலம் அது!

இன்று வரிசை கலைந்த பிறகு லென்னி சிரிக்கவில்லை.

"டோரீன், அந்த மூஞ்சிய நான் எப்படி வரைஞ்சிருந்தேன்? சுத்தமா மறந்துபோச்சு."

"இப்ப எதுக்கு கிழவா அந்தக் கதை?"

"மிர்யமையும் பிள்ளைங்களையும் விட்டுட்டுக் கிளம்பி வந்தது அந்த வாரம்தான். பசங்க இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட பேசல. ஒரு குடும்பத்தையே தின்னுட்டு வந்து உட்கார்ந்து வரைஞ்சிருக்கேன். அவன் அழுதானா? எனக்குத் தெரிஞ்சாகணும்."

எண்பத்து மூன்று வயதில் வந்த கேள்வி. டோரீனைத் தவிர அந்த முகத்தைப் பார்த்த வேறு ஆள் உலகத்தில் இல்லை.

"அழுதான் லென்னி. தேம்பித் தேம்பி அழுதான்."

லென்னி கண்களை மூடிக்கொண்டு மெல்லத் தலையாட்டினார். முகம் தெளிந்துவிட்டது.

அவளுக்கு ஒராக்கின் அந்த முகம் நன்றாகவே நினைவிருந்தது. கல்யாண விருந்து சாப்பிட்டு எழுந்தவன்போல அப்படியொரு பூரிப்பு. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டேதான் லென்னி அதை வரைந்தார்.

அந்த வாரம் அவர் ஒற்றைப் பெட்டியோடு படியேறி வந்தது டோரீனின் வீட்டுக்கு.

அடுப்படியில் காபி கலக்கிக்கொண்டே அவர் வரைவதைப் பார்த்து நின்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.