இடப்பக்கக் கதவு

"கதவு தெறக்கவே கூடாது கலியா. எவ்ளோ இரும்பு வேணும்னாலும் போடு" என்றார் தெய்வசிகாமணி. காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த வெல்டர் கலியனுக்கு அவருடைய செருப்புகள் மட்டும்தான் தெரிந்தன. அவை நின்ற இடத்தில் நிற்காமல் இங்கும் அங்கும் நடந்தன.

தெய்வசிகாமணிக்கு முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரித்தோப்பு இருந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன இந்தப் பழைய காரும் இருந்தது. நெய்வேலிக்குப் போகிற வழியில், தோப்பு முடிகிற வளைவில், இடப்பக்கக் கதவு திறந்துகொண்டு அவர் மனைவி பெரியநாயகி விழுந்து செத்துப்போய் இரண்டு வருடமாகிறது.

அதிலிருந்து இந்தக் காரைக் கண்டாலே ஊர்ப் பெண்கள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். அவர் வீட்டைவிட்டுக் கிளம்பி அந்த வளைவுக்கு வந்தால் போதும், இடப்பக்கக் கதவு தானாகத் திறந்தது. பெரியநாயகி ஏறப் பார்க்கிறாள் என்றது ஊர்.

பூட்டை மாற்றினார், திறந்தது. கயிறு போட்டுக் கட்டினார், கயிறு அறுந்து திறந்தது. ஒரு பூசாரி வந்து சேவலை அறுத்து, குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுப் போனார். கதவு அவரையும் மதிக்கவில்லை.

காரை விற்றுத் தொலைக்கச் சொல்லாத ஆள் இல்லை. மனிதர் அசையவில்லை, ஆனால் பாதியாக இளைத்துவிட்டார். கதவு திறந்துகொண்ட நாளில் அவர் சோற்றைத் தொடுவதே இல்லை என்று சமையல்காரி செல்லக்கிளி வெளியில் சொல்லியிருந்தாள். கேட்டவர்களுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

கலியன் நெய்வேலிச் சுரங்கத்தில் பர்மனென்ட் வெல்டர். வார லீவில் மந்தாரக்குப்பத்தில் ஒரு கொட்டகையில் வெளிவேலை பார்த்தான். பேய் பிசாசுக்கும் அவனுக்கும் ஒத்துவராது, எது ஆடினாலும் எங்கேயோ விரிசல் இருக்கிறது என்பது அவன் கட்சி. காரின் அடிச்சட்டமான சேசிஸை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தவன், சுத்தியலின் சத்தம் மாறிய இடத்தில் அழுக்கைச் சுரண்டினான். நகம் நுழைகிற அளவுக்கு விரிசல் இருந்தது.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு விளக்கினான். வளைவில் வண்டி சாயும்போது சேசிஸ் முறுக்கிக்கொள்கிறது, கதவு நிலை விரிகிறது, பூட்டு நழுவுகிறது, அவ்வளவுதான். விரிசலை அடைத்து, குறுக்கே இரண்டு ஆங்கிள் இரும்பைப் பெருக்கல்குறிபோல வைத்துப் பற்றவைத்தால் வண்டி கல்லாகிவிடும்.

"அதுக்கப்புறம் கதவு தெறந்துச்சுன்னா நான் இந்தத் தொழிலையே உட்டுடறேங்க" என்றான்.

ஓடும்போது வண்டியில் எவ்வளவு பாரம் இருக்குமோ அதை ஏற்றிவைத்துத்தான் சேசிஸில் பற்றவைக்க வேண்டும். வெறும் வண்டியில் பற்றவைத்துவிட்டால் ஆள் ஏறினதும் கதவு சேராது. கலியன் டிரைவர் சீட்டில் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைத்தான். இடப்பக்கமும் ஒன்று வைக்கச் சொன்னார் தெய்வசிகாமணி, கொஞ்சம் சின்னதாக.

இரண்டாம் கல்யாண யோசனை வந்துவிட்டது போலிருக்கிறது என்று கலியன் நினைத்துக்கொண்டான். அந்த சீட்டில் உட்காரப்போகிறவளை எண்ணி மனசு கொஞ்சம் சங்கடப்பட்டது. இருந்தாலும் அவர் சொன்னபடியே வைத்துப் பற்றவைத்தான். வேலை முடிந்ததும் தெய்வசிகாமணி காரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

கதவு திறப்பதெல்லாம் வீட்டிலிருந்து நெய்வேலிக்கு வரும்போதுதான். அதனால் அடுத்த லீவு நாளில் வெள்ளோட்டம் பார்க்க கலியனே சைக்கிளை மிதித்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போனான். உச்சி வெயில். தெய்வசிகாமணி முகச்சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தயாராக இருந்தார்.

அவர் காரைச் சுற்றி வந்து இடப்பக்கக் கதவைத் திறந்தார். பிடித்தபடியே சற்று நின்றுவிட்டு, மெதுவாகச் சாத்தினார். ஒரே சத்தத்தில் கதவு போய் உட்கார்ந்துகொண்டதில் கலியனுக்குப் பெருமை. அடியில் இரும்பு முனகுகிறதா என்று கேட்பதற்காக அவன் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

செம்மண் பாதையில் கார் சத்தமில்லாமல் போயிற்று. தோப்பின் முடிவு நெருங்க நெருங்க, அத்தனை வாய் பேசின கலியனே முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டான். தெய்வசிகாமணி வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டு வந்தார், சாமி பெயராக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

வளைவில் கார் இடதுபக்கம் சாய்ந்தது. கதவு ஒருமுறை தடதடத்தது. பிறகு யாரோ கையால் அறைந்தமாதிரி பலமாக ஒரு சத்தம் வந்தது. கலியன் கண்ணை மூடிக்கொண்டான்.

கண்ணைத் திறந்தபோது தோப்பு பின்னால் போய்விட்டிருந்தது. கதவு சாத்தியபடியே இருந்தது. பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டும், அதுதான் சத்தம் என்று கலியன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

கண்ணாடியில் தெய்வசிகாமணியின் முகம் தெரிந்தது. மனிதர் அழுதுகொண்டிருந்தார், கூடவே சிரித்துக்கொண்டும் இருந்தார். ஒரு மனுஷனின் பயத்தைத் தீர்த்துவைத்த சந்தோஷத்தில் கலியனுக்கும் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீங்களா, தெறக்கல. இனிமே அந்தம்மா வந்து ஏற முடியாதுங்க. நீங்க நிம்மதியா இருக்கலாம்."

தெய்வசிகாமணி ஒரு கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து, காலியாக இருந்த பக்கத்து சீட்டின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"ஏறத்துக்கு இல்ல கலியா. வூட்லேருந்து கூடவே வருவா, இங்கதான் எறங்கிப் போயிடுவா."