பொன்விழா மலருக்கு ஒரு வரி

சங்கத்தின் பொன்விழா மலருக்காக மூத்த உறுப்பினர்களின் வாழ்க்கையை டேப்பில் பதிவு செய்துகொண்டிருந்தார் செயலாளர் கனகராஜ். தி.நகர் பாத்திரக்கடை சுயம்புலிங்கத்திடம் ஏழு கேள்விகள் சுமுகமாகப் போயின. எட்டாவது, குடும்பம்.

"கல்யாணம் கட்டலை. மனசு வரலை. ஒருத்தரோட இருபது வருசம் ஒரே வீட்டுல வாழ்ந்தேன். ஆம்பளதான். அவர் போனப்ப..."

கனகராஜ் அவசரமாக டேப்பை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, வீட்டுப் பொம்பளைங்க படிக்கிற மலர். 'சமுதாயத்துக்காகத் திருமணத்தையே துறந்தவர்'னு போட்டுருதேன். எங்க பெரியப்பாவோட அஞ்சலி நோட்டீஸ்ல போட்ட மாதிரி. அவரும் கட்டலை. வீட்டுப் பக்கமே வரமாட்டாரு, சங்க ஆபீஸ்லதான் படுக்கை. தியாகின்னா அவருதான்."

"அந்தக் காலத்துல சங்க ஆபீஸைச் சாயங்காலம் ஆறு மணிக்கே பூட்டிருவோம், தம்பி. சாவி என் இடுப்புலதான் இருக்கும்."

கனகராஜின் பேனா நின்றது.

"அவரு படுக்கை இன்னும் எங்க வீட்டுலதான் கெடக்கு. அந்த வரியை எனக்குப் போடாதீங்க. அவர் செத்தப்ப, 'ஊர் வாயை மூடணும், கௌரவமா ஒரு வரி எழுதிக் குடுங்க'ன்னு உங்க அப்பாதான் வந்து நின்னாரு. எழுதிக் குடுத்தது நான்."