கட்டியைப் பார்க்க வந்தவர்

ஓய்வுபெற்ற கண்டக்டர் சவரிமுத்து, தன் பெருங்குடலிலிருந்து வெட்டியெடுத்த புற்றுக்கட்டியைப் பார்க்க ஆராய்ச்சிக்கூடத்துக்கே வந்துவிட்டார். ஆராய்ச்சி மாணவி பர்வீனுக்குப் பகீரென்றது. அவருடைய துண்டு சோதனையிலேயே தீர்ந்துபோயிருந்தது. சொல்ல மனம் வராமல், உறைபெட்டியில் கைக்கு அகப்பட்ட வேறொரு கட்டியின் மாதிரிக் குழாயை எடுத்து நீட்டினாள். அவர் நடுங்கும் கையால் வாங்கிப் பார்த்தார்.

“இதுக்கு ஏம்மா புத்தி கெட்டுச்சு?”

“ஒரு மரபணு ‘வளரு, வளரு’ன்னு சொல்லும் சார். அதுக்கு எதிர்ப்பக்கத்துலயே இன்னொண்ணு இருந்து, தலைகீழா ஒரு ஆர்.என்.ஏ.வை அனுப்பி அதோட வாயை அடைக்கும். கட்டியில அந்த ரெண்டாவது ஊமையாயிடுச்சு.”

“டூட்டியில தூங்கிட்டானா!”

படிக்கட்டில் தொங்கியவர்களைத் திட்டிப் பழகிய குரல். கூடமே அதிர, குழாயின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். திட்டத் திட்டக் கை நடுக்கம் நின்றது. பர்வீன் தலைகுனிந்தபடி குழாயைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வாசலில் செருப்பை மாட்டியவர் திரும்பினார். “குழாய்ல ‘பெண், வயது நாற்பது’ன்னு ஒட்டியிருந்துச்சேம்மா?”

பர்வீன் குழாயை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“பரவால்ல. பாவம், அந்தம்மாவுக்கு இவ்வளவு கெட்ட வார்த்தை தெரிஞ்சிருக்காது. அவங்களுக்கும் சேத்துத்தான் திட்டினேன்.”