தாலியில் தொங்கிய சாவி

“ஏட்டி மாரிச்செல்வி, ஒரு மாத்திரைதான கேக்கான் எந்தம்பி! எடுத்துக் குடேன்!”

பசுவந்தனையிலிருந்து வந்த சுகுணா, செருப்பைக் கழற்றின கையோடு சண்டையை ஆரம்பித்துவிட்டாள்.

கட்டிலில் லிங்கராஜ் சுருண்டு கிடந்தான். போன வருசம் தீப்பெட்டி பண்டல் ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து, முதுகில் ஆபரேஷன் ஆனவன். இப்போது வேர்த்து ஊற்றுகிறது, மூக்கு ஒழுகுகிறது, காலைக் காலை உதறுகிறான். கூடப் பிறந்தவளுக்குப் பொறுக்குமா?

“பொழுதடையட்டும் மதினி. அப்பவும் அரை மாத்திரைதான்” என்றாள் மாரிச்செல்வி, அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

“அரையா? ரேஷன் கடையா நடத்துத? மாத்திரை எங்க?”

“பீரோவுல.”

“சாவி?”

மாரிச்செல்வி கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். தாலிக் கயிற்றில், ஊக்கில் கோத்துத் தொங்கியது சாவி.

சுகுணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அந்தத் தாலியில மொத முடிச்சுதாம்டி எந்தம்பி போட்டது. மத்த ரெண்டும் நாத்தனா நான் போட்டது. இவனப் போட்டு வதைக்கவா போட்டேன்? ஒரு குடி உண்டா, சீட்டு உண்டா அவனுக்கு? தெருவுல உன்னக் காறித் துப்புதாவ, தெரியுமா?”

“துப்பட்டும் மதினி.”

என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

சுகுணா காப்பியைக்கூடத் தொடவில்லை. தம்பியின் பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் கடையில், இது பழசு என்று திருப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு கடையில் அழுது புலம்பி ஓர் அட்டை வாங்கிவிட்டாள். அதைச் சேவுப் பொட்டலத்துக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, மாரிச்செல்வி தெருக்குழாய்க்குப் போன நேரம் பார்த்துத் தம்பி கையில் திணித்தாள்.

“முழுசா ஒண்ணு போடு ராசா. அவ வாரதுக்குள்ள.”

லிங்கராஜ் அட்டையைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு மாத்திரையைப் பிதுக்கியும்விட்டான். வாய்ப் பக்கம் போன கை அப்படியே நின்றது.

“செல்வி! ஏ செல்வி! ஓடி வா!”

குடத்தைப் போட்டது போட்டபடி ஓடி வந்தாள் மாரிச்செல்வி.

“இந்தா, பிடி. எங்கண்ணுல காட்டாமக் கொண்டு போயிரு. சீக்கிரம்!”

சுகுணா வெலவெலத்துப் போனாள். “நோவுல துடிக்கியேன்னுதானலே வாங்கியாந்தேன்…”

“முதுகு நோவு எப்பவோ போயிட்டுக்கா. இது மாத்திரைக்கு அடிமையாப் போன உடம்பு. அது இல்லாமத்தான் இந்தப் பாடு படுத்துது. டாக்டர் கொஞ்சங்கொஞ்சமாக் குறைச்சிக்கிட்டு வாராரு.”

“என்ட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாட்டி?” சுகுணா மாரிச்செல்வியைப் பார்த்தாள். பதில் தம்பியிடமிருந்து வந்தது.

“வெளிய தெரிஞ்சா கேவலம்னு நாந்தான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன். எனக்கு வரவேண்டிய ஏச்செல்லாம் அவ வாங்கிக் கட்டிக்கிட்டா.”

சுகுணாவின் கண் அந்தக் கழுத்துக்கே போனது.

“அப்ப, அந்தச் சாவி…?”

“நீ போட்ட முடிச்சு அவுராதுங்கிற நம்பிக்கையிலதான்க்கா, அதுல நானே கோத்து விட்டேன்.”