மாரித்தாயின் கத்தரி

கீழப்பாவூரில் உச்சிமாகாளி வீட்டு முற்றத்தில் காலை வெயில் பீடித் தட்டுகள் மேல் விழுகிறது. கிணற்றில் குதிக்கப் போனவளை இழுத்து வந்த நாள்முதல், தனியே விடக்கூடாது என்று நர்ஸ் சொன்னபடி, தெருப் பெண்கள் மூவர் இங்கேதான் வந்து பீடி சுற்றுகிறார்கள். மாத்திரையும் அவர்கள்தான் கொடுக்கிறார்கள். மூன்று வாரமாகியும் அவள் வாய் திறக்கவில்லை. அவர்களில் மாரித்தாய், புகையிலைத் தூள் எடுக்கத் திரும்பும்போது கத்தரியைப் பாயில் வைத்துவிடுகிறாள். உச்சிமாகாளியின் கை அதை எடுக்கிறது. பேச்சும் மற்றக் கத்தரிகளும் நின்றுபோகின்றன. பறிக்கவும் பயம், விடவும் பயம். "ஏட்டி, இங்கன தா" என்று மாரித்தாய் கை நீட்டுகிறாள். அவள் தரவில்லை. மாரித்தாயின் தட்டிலிருந்து ஓர் இலையை உருவி, அதன் ஓரத்தை மெல்ல நறுக்குகிறாள். "என்னக்கா, எல்லாம் கோணலா வெட்டி வச்சிருக்கிய? கடைக்காரன் கழிச்சிருவாம்லா." இத்தனை நாளும் இலையைப் பார்க்காமல் இவள் முகத்தையே பார்த்து வெட்டிய மாரித்தாய், தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைக்கிறாள்.