இரண்டரை மணி பஸ்

"உள்ள எடம் இருக்குதுங்க, முன்னால வாங்க. படியில தொங்காதீங்க!"

அவர் திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுத்தார்.

படியும் இல்லை, பஸ்ஸும் இல்லை. அவிநாசி சாலை முழுக்கக் கால்கள்தான்.

கோயம்புத்தூரில் வருடத்துக்கு ஒருமுறை ஊரே கூடி ஓடுகிற மாரத்தான். பதினாறாவது கிலோமீட்டர். அவர் கையில் ஒரு குச்சி, குச்சியில் ஒரு கொடி, கொடியில் 2.30 என்று எழுதியிருந்தது. இருபத்தோரு கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் முடிக்க ஆசைப்படுகிறவர்கள் அந்தக் கொடிக்குப் பின்னாலேயே ஓடிவந்தால் போதும். ஓடுகிறவர்கள் பேச்சில் அந்தக் கூட்டத்துக்கு பஸ் என்று பெயர்.

கொடி பிடிக்க ஆள் தேடியபோது பஸ் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே, நான் பார்த்துக்கறேன் என்று கையைத் தூக்கிவிட்டார்.

முப்பத்தோரு வருடம் டவுன் பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆகி நான்கு வருடம். விசில் மட்டும் இன்னும் கழுத்தை விட்டு இறங்கவில்லை.

ஒன்று ஊதினால் நிற்க. இரண்டு ஊதினால் கிளம்ப.

"இன்னிக்கு ஒத்தை விசிலே கெடையாது" என்று காலையில் மனைவியிடம் வீறாப்பாகச் சொல்லியிருந்தார்.

"உங்க பஸ்ஸு என்னிக்குங்க நேரத்துக்கு வந்துது?"

அவள் கேட்பாள். அந்த பஸ்ஸில் தினமும் ஏறியவள்தானே. மில் ஸ்டாப்பிங்கில் நிற்பாள். பஸ் வந்ததும் மணிக்கட்டைத் தூக்கி வாட்சைக் காட்டுவாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். அப்படிக் காட்டிக் காட்டித்தான் கல்யாணம் வரைக்கும் வந்தது. அன்றைக்கும் மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்து சேர முக்கால் மணி நேரம் தாமதம்.

அன்றிலிருந்து வீட்டில் அவருக்குப் பெயர் லேட் பஸ்.

"எட்டு மணிக்குள்ள முடிவுக் கோட்டைத் தாண்டிட்டீங்கன்னா, இனி அந்தப் பேரை எடுக்கறதில்லைங்க. ஆனா அங்க மாட்டியிருக்கற கடியாரமெல்லாம் செல்லாது. என்ற கையில கட்டியிருக்கற வாட்சுதான் கணக்கு."

அதுதான் மனைவியோடு பேச்சு.

ஐந்தரைக்கு இரண்டு விசில் ஊதிக் கிளம்பியபோது பின்னால் ஐம்பது பேர் இருந்தார்கள். சிலர் முந்திக்கொண்டு போய்விட்டார்கள். சிலர் தண்ணீர் குடிக்க நின்று அப்படியே தங்கிவிட்டார்கள்.

இப்போது பதினோரு பேர்.

பதினோராவது ஆள் துளசிமணி. நெஞ்சில் குத்தியிருந்த அட்டையில் பெயர் இருந்தது. நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் தடவையாக ஓடுகிறாள்.

"முடியலைங்ணா. நா இங்கியே எறங்கிக்கறேன்."

"நடுவால ஸ்டாப்பிங் இல்லைங்க அம்மணி. இது பாயிண்ட் டு பாயிண்ட்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்த தெம்பில் இன்னும் மூன்று கிலோமீட்டர் வந்தாள்.

அப்புறம் அவளுடைய மூச்சுச் சத்தம் பின்னால் கேட்கவில்லை.

வ.உ.சி. மைதானம் வந்துவிட்டது. ஜமாப் மேளம் காதைப் பிளந்தது. முடிவுக் கோட்டுக்கு மேலே சிவப்பு எண்கள்.

2.28.50.

"எறங்கறவங்கெல்லாம் முன்னால வாங்க!"

கொடியை ஓரமாகச் சாய்த்து வழிவிட்டார். ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போய்க் கோட்டுக்கு அந்தப்பக்கம் இறங்கினார்கள். ஒருவர் போகிற போக்கில் டிக்கெட் கேட்டார்.

2.29.20.

இனி அவர் மட்டும்தான். பத்தடி.

தடுப்புக் கம்பிக்கு அந்தப்பக்கம் மனைவி நின்றிருந்தாள். மணிக்கட்டைத் தூக்கியிருந்தாள்.

பத்தே அடி. முப்பத்தோரு வருட சர்வீஸில் நடக்காதது, நேரத்துக்குப் போய்ச் சேர்வது.

பழக்கதோஷம், திரும்பிப் பார்த்துவிட்டார்.

கூட்டத்துக்கு நடுவில் ஒரு கை. துளசிமணியின் கை. நில்லுங்க, நில்லுங்க என்று ஆட்டிக்கொண்டே வந்தது.

அந்த மாதிரிக் கையை அவருக்கு நன்றாகத் தெரியும். டிபன் பையோடும் கைக்குழந்தையோடும் பரீட்சை அட்டையோடும் ஓடிவரும். பின்படியில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஏற்கெனவே லேட், இதில் எங்கே நிற்பது என்று இரண்டு விசில் ஊதிவிட்டுப் போயிருக்கிறார்.

விசில் வாய்க்குப் போயிற்று.

ஒன்று.

நின்றுவிட்டார். கொடியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

மேளக்காரர்கள் திகைத்து அடியை நிறுத்தினார்கள். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர், "ஏனுங் பெரியவரே, கோடு இன்னும் பத்தடி தள்ளி இருக்குதுங்க" என்றார். மைதானமே சிரித்தது.

அவர் அசையவில்லை. எண்களையும் பார்க்கவில்லை. வாட்சுப் பக்கம் பார்க்கவே இல்லை.

துளசிமணி வந்து சேர்ந்தாள். பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரி கொடிக் குச்சியைப் பிடித்துக்கொண்டு குனிந்து மூச்சு வாங்கினாள்.

"உள்ள... எடம் இருக்குதுங்ளாண்ணா?"

"ஏறுங்க அம்மணி."

இரண்டு விசில். மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது.

தாண்டியபோது 2.30.41.

கழுத்தில் மெடல் மாட்டினார்கள். அது விசில் கயிற்றோடு சிக்கிக்கொண்டது. சிக்கலைப் பிரித்துக்கொண்டே தடுப்புப் பக்கம் வந்தார், லேட் பஸ் என்று கேட்பதற்கு முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு.

மனைவி நிமிர்ந்து பார்க்கவில்லை.

வாட்சின் திருகை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல, முள்ளைப் பின்பக்கமாகத் திருகிக்கொண்டிருந்தாள்.